கறுப்பு வயரில் கரண்ட்

உங்கள் வண்டியின் டேஷ்போர்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று என்றைக்காவது எட்டிப் பார்த்ததுண்டா?

இருக்காது. நானும் பார்த்ததில்லை, சில வருஷங்களுக்கு முன்பு வரை. சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்ப வேண்டும். பட்டனை அமுக்கினால் பாட்டு வர வேண்டும். அதற்குமேல் நமக்கென்ன? பி.காம். படித்த எனக்கு வயரைப் பற்றித் தெரிந்ததெல்லாம், தொடக்கூடாது என்பது மட்டும்தான்.

பார்க்க வைத்தவர் என் தாய்மாமா. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு. தேங்காய் ஏற்ற ஒரு டாடா 207 பிக்கப். இருபது வயசைத் தாண்டிய வண்டி. வாரத்துக்கு ரெண்டு நடை ஓடும், மீதி நாளெல்லாம் களத்து மேட்டில் வேப்பமரத்தடியில் நிற்கும். அதில் ஒரு பழைய கேசட் செட் இருந்தது. எந்தக் காலத்திலோ ஒரு கேசட்டை விழுங்கிவிட்டு, அதைத் துப்பவும் மாட்டேன், பாடவும் மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தது.

பேரன் ஒரு பென் டிரைவில் முந்நூறு பாட்டு ஏற்றிக் கொடுத்திருக்கிறான். மாமாவுக்கு ஆசை வந்துவிட்டது. போன் செய்தார்.

"மாப்ளே, கோயமுத்தூர்ல இருந்து வரும்போது ஒரு நல்ல செட்டா வாங்கிட்டு வந்துருங்கொ. பெருசெல்லாம் வேண்டாம். அந்தப் பென்னு மாட்டுற மாதிரி இருந்தாச் செரி."

சுமார் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். "மாட்டுறதுக்கு முந்நூறு ரூபா சார், அரை மணி நேர வேலை" என்றார் கடைக்காரர். ஆனால் வண்டி பொள்ளாச்சியில் அல்லவா இருக்கிறது? கிணத்துக்கடவு தாண்டி, ரோட்டோரத்தில் தகரக் கொட்டகை போட்டிருக்கும் ஓர் எலெக்ட்ரீஷியனிடம் கொண்டுபோகலாம் என்றார் மாமா. இன்னொரு காரணமும் இருந்தது. வண்டி மூணு நாள் நின்றால் நாலாம் நாள் தள்ள வேண்டியிருந்தது. இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டது. "பேட்டரிக் கம்பெனிக்காரன் எல்லாம் திருட்டுப் பயலுக" என்பது மாமாவின் தீர்ப்பு.

எலெக்ட்ரீஷியனுக்கு ஐம்பது வயதிருக்கும். செட்டைக் கையில் வாங்கியவர் அதைப் பிரிக்கவே இல்லை. நேரே பேட்டரிக்குப் போனார். நெகடிவ் கேபிளைக் கழற்றினார். கழற்றிய கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே ஒரு பல்பை வைத்தார். சாவி மாமாவின் இடுப்பில். வண்டியில் எந்த விளக்கும் எரியவில்லை. அப்படியென்றால் அந்தப் பல்பும் எரியக் கூடாது.

மங்கலாக எரிந்தது.

"பாத்தீங்களா சார்? வண்டி தூங்குது. ஆனா யாரோ உள்ள உக்காந்து தின்னுட்டு இருக்கறாங்க."

எனக்குக் கணக்கு தெரியும் என்பதால் பிறகு போட்டுப் பார்த்தேன். அரை ஆம்பியர் கசிகிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 24 மணி நேரம், 12 ஆம்பியர்-அவர். பேட்டரி 75 ஆம்பியர்-அவர். மூன்று நாளில் பாதி காலி. டீசல் இன்ஜினைச் சுழற்ற அந்தப் பாதி போதாது. ஆக பேட்டரிக் கம்பெனி யோக்கியமாகத்தான் இருந்திருக்கிறது.

டேஷ்போர்டைக் கழற்றினார். உள்ளே பார்த்தேன். தூக்கணாங்குருவிக் கூடு என்று சொல்ல வந்தேன், குருவி கோபித்துக்கொள்ளும். அது ஒழுங்காகக் கட்டும்.

இந்த இடத்தில் ஒரு சின்னப் பாடம். சலித்துக்கொள்ளாமல் கேளுங்கள், விஷயமே இதில்தான் இருக்கிறது. கடையில் வாங்கும் கார் ஸ்டீரியோக்களின் பின்னால் ஒரு கொத்து வயர் வரும். பெரும்பாலான கம்பெனிகள் நிறத்தில் ஒரே வழக்கத்தைப் பின்பற்றுகின்றன. மஞ்சள் நேராக பேட்டரிக்கு. எப்போதும் கரண்ட் இருக்கும், செட் கடிகாரத்தையும் ஸ்டேஷனையும் மறக்காமல் இருக்க. சிவப்பு சாவி வழியாக; சாவி போட்டால்தான் செட் விழிக்கும். கறுப்பு எர்த், வண்டியின் இரும்பு உடம்புக்கு. வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா நான்கும் நாலு மூலை ஸ்பீக்கருக்கு. அதே நிறத்தில் கறுப்புக் கோடு போட்டிருந்தால் அது ஸ்பீக்கரின் மைனஸ்.

இதை யார் சட்டம் போட்டுச் சொன்னார்கள்? யாரும் இல்லை. மின்சாரத்துக்கு நிறம் தெரியாது. மஞ்சளில் அனுப்பினாலும் போகும், கறுப்பில் அனுப்பினாலும் போகும். வீட்டு வயரிங்கில் பச்சை என்றால் எர்த், இதிலோ பச்சை என்றால் ஸ்பீக்கர். நிறம் என்பது செம்புக் கம்பிக்குப் போட்ட சட்டை. அதைப் படிக்கிறவன் மனிதன் மட்டும்தான். இன்றைக்கு வயர் இழுப்பவன், என்றைக்கோ அதைப் பிரிக்கப் போகிற முன்பின் தெரியாத இன்னொருவனுக்குச் சொல்லிவிட்டுப் போகிற வார்த்தை அது.

எங்கள் எலெக்ட்ரீஷியன் அந்தக் கூட்டுக்குள் டெஸ்ட் லேம்பை விட்டு ஒவ்வொரு வயராகத் தொட்டுக்கொண்டே வந்தார். ஒரு கறுப்பு வயரைத் தொட்டதும் லேம்ப் பளிச்சென்று எரிந்தது.

கறுப்பு. எர்த்தாக இருக்க வேண்டியது. அதில் கரண்ட்.

"கலரை நம்பிக் கையை வெச்சிருந்தா?" என்றேன்.

"கைக்கு ஒண்ணும் ஆவாதுங்க, பன்னெண்டு வோல்ட்டுதான். ஆனா எர்த்துன்னு நெனச்சு பாடில முறுக்கியிருந்தா, இந்நேரம் பொகை வந்திருக்கும்."

அந்தக் கறுப்பு வயர் நேராக பேட்டரியிலிருந்து வந்து பழைய கேசட் செட்டுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது. மாட்டியவர் சாவி வயரைத் தேடச் சோம்பல்பட்டு நேரடியாகக் கொடுத்துவிட்டார். விழுங்கிய கேசட்டோடு அந்த செட் ராப்பகலாகச் சுற்ற முயன்றுகொண்டே இருந்திருக்கிறது. யாருக்கும் கேட்காமல், பல வருஷம்.

இது பாதிக் கதைதான். வயரைப் பிடித்துக்கொண்டே போனால் நடுவில் ஒரு கண்ணாடி ஃப்யூஸ். அதன்மேல் சிகரெட் அட்டைக்குள் வரும் வெள்ளித்தாள் சுற்றியிருந்தது. ஏன் சுற்றினார்கள்? ஃப்யூஸ் அடிக்கடி போயிருக்கும். ஏன் போனது? இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொண்டு போனால் விடை கிடைத்தது. இன்ஜின் பக்கமிருந்து கேபினுக்குள் வயர் நுழைகிற ஓட்டையில் ரப்பர் புஷ் இல்லை. வெறும் தகர விளிம்பு. வண்டி குலுங்கக் குலுங்க விளிம்பு வயரை அறுத்திருக்கிறது. மேல்தோல் உருகி, செம்பு தெரிந்தது.

"இங்க கடிக்குதுன்னு ஃப்யூஸ் சொல்லியிருக்குதுங்க. இவுங்க அது வாயில வெள்ளித்தாளைச் சுத்தி அடைச்சுட்டாங்க."

மாமா ஒன்றும் பேசவில்லை. வாரம் தவறாமல் அந்த கேபினில் தன் பக்கத்தில் பேரனை உட்கார வைத்துத்தான் சந்தைக்குப் போவார்.

இங்கே நான் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நிருபராக இருந்த காலத்தில் எத்தனையோ தீ விபத்துச் செய்திகள் எழுதியிருக்கிறேன். பஞ்சு குடோன், பேருந்து, ஆம்னி வேன், மாவு மில். எல்லாவற்றிலும் கடைசிப் பாராவில் ஒரே வாக்கியம்தான். 'மின்கசிவே விபத்துக்குக் காரணம் என்று முதல்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ளது.' அதை எழுதும்போது மின்கசிவு என்றால் ஏதோ மழை, இடி மாதிரி தானாக வருவது என்றே என் மனதில் இருந்திருக்கிறது. அந்தத் தகரக் கொட்டகையில்தான் முதல்முறையாக மின்கசிவைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதற்குக் கைரேகை இருக்கிறது. ஒரு மத்தியானம், யாரோ ஒருவர், பத்து நிமிஷம் மிச்சம் பிடித்திருக்கிறார். அவ்வளவுதான்.

காருக்குள் ரேடியோ நுழைந்த கதையே இப்படித்தான் தொடங்குகிறது என்பார்கள். 1930ல் அமெரிக்காவில் பால் கால்வின் என்பவர் 'மோட்டரோலா' என்ற பெயரில் கார் ரேடியோ விற்கக் கிளம்பினார். கடன் வேண்டும். பேங்க்காரரைக் குளிர்விக்க அவருடைய பேக்கார்ட் காரிலேயே ஒன்றை மாட்டிக் கொடுத்தார். அரை மணி நேரத்தில் கார் பற்றிக்கொண்டதாம். கடன் கிடைக்கவில்லை என்று சொல்லவும் வேண்டுமா? ஆனால் கால்வினுக்கு ஒரு வசதி இருந்தது. மாட்டியது யார் என்று பேங்க்காரருக்குத் தெரியும். மாமாவின் வண்டியில் மாட்டியவர் யார்? வண்டி மாமாவிடம் வரும்போது மூன்றாவது கை.

சரி, கேள்விக்கு வருவோம். யாருமே பார்க்கப் போவதில்லை என்று தெரிந்த இடத்தில் ஒருவன் ஏன் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும்?

ரொம்பப் பழைய கேள்வி. பிளேட்டோவின் 'குடியரசு' நூலில் ஒரு கதை வருகிறது. லிடியா தேசத்து ஆட்டிடையன் ஒருவனுக்குப் பூமிப் பிளவுக்குள் ஒரு மோதிரம் கிடைக்கிறது. அதன் கல்லை உள்பக்கம் திருப்பினால் அவன் மறைந்துவிடுவான். அப்புறம் என்ன? அரண்மனைக்குள் நுழைந்து, ராணியை மயக்கி, ராஜாவைக் கொன்று, நாட்டையே பிடித்துக்கொள்கிறான். இந்த மோதிரம் கிடைத்தால் யோக்கியன் என்று பெயர் எடுத்தவனும் அப்படித்தான் செய்வான், இல்லையென்று சொல்ல முடியுமா என்று சாக்ரடீஸைச் சீண்டுகிறார்கள்.

டேஷ்போர்டை மூடும் நாலு ஸ்குரூவும் அந்த மோதிரம்தான். முடுக்கியவுடன் நீங்கள் மறைந்துவிடுகிறீர்கள்.

பார்க்க ஆள் இருந்தால் கதை வேறு. திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனியின் செக்கிங் பகுதிக்குப் போனவர்களுக்குத் தெரியும். சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுத் தையலைப் பார்ப்பார்கள். நூல் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் வெட்டுவார்கள். உள்பக்கம் அத்தனை சுத்தம். ஏனென்றால் வாங்குகிறவனின் ஆள் அதைப் பார்க்க வருவான், பிடிக்கவில்லை என்றால் சரக்கு திரும்பும். பிக்கப் வண்டியின் டேஷ்போர்டைத் திருப்பிப் பார்க்க எந்த வெளிநாட்டுக்காரன் வரப் போகிறான்?

இதில் இன்னும் மோசமான ரகம் ஒன்று உண்டு. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று நம்ம பக்கம் முழுக்க லாரியும் ரிக் வண்டியும். பெரிய லாரிகளில் 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரியை வரிசையாகக் கோத்திருப்பார்கள். ஸ்டீரியோவோ 12 வோல்ட்டில் ஓடுவது. முறையான வழி, 24ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று போடுவது. குறுக்கு வழி, இரண்டு பேட்டரிக்கும் நடுவிலிருந்து ஒரு வயர் இழுத்துவிடுவது. காசு மிச்சம். பாட்டு அருமையாகப் பாடும். டிரைவருக்கும் சந்தோஷம், ஓனருக்கும் சந்தோஷம். ஆனால் ஒரு பேட்டரி மட்டும் பாட்டுக்கும் உழைக்கிறது. அது எப்போதும் குறைவாகவே சார்ஜ் ஆகும், இன்னொன்று தேவைக்கு மேல் சார்ஜ் ஆகும். கொஞ்ச காலத்தில் ரெண்டுமே படுத்துவிடும். அப்போது அந்த ஓனர் யாரைத் திட்டுவார் என்று உங்களுக்கே தெரியும். என் மாமா திட்டிய அதே ஆளைத்தான். செய்த தப்புக்கும் அதன் பலனுக்கும் நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி விழுந்துவிட்டால், செய்தவனே கூட அதைத் தன் தப்பு என்று அறியாமல் நல்லவனாக வாழ்ந்து முடித்துவிடலாம்.

ஆனால் அன்றைக்கு அந்தக் கொட்டகையில் நின்றபோது பிளேட்டோவின் மோதிரத்தில் ஒரு ஓட்டை எனக்குத் தெரிந்தது. யாரும் பார்க்க மாட்டார்கள் என்பது சரியில்லை. நாங்கள் பார்த்துவிட்டோமே! டேஷ்போர்டுக்குள் நடப்பது மறைவதில்லை, தள்ளிப்போகிறது. என்றைக்கோ ஒருநாள் ஒருவர் ஸ்குரூவைக் கழற்றத்தான் போகிறார். என்ன, அப்போது நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள், அவர் திட்டுவது உங்கள் காதில் விழாது. அவருக்கும் உங்கள் பெயர் தெரியாது. 'எவனோ' என்றுதான் திட்டுவார்.

எலெக்ட்ரீஷியன் திட்டவில்லை. நான்தான் திட்டினேன். இப்படியும் ஒருத்தன் இருப்பானா, இவனெல்லாம் ஒரு தொழில்காரனா என்று கொஞ்சம் சத்தமாகவே. அவர் வயரைச் சீவிக்கொண்டே சிரித்தார்.

"அவுங்களைத் திட்டாதீங்க சார். என்ன நெலமையில பண்ணுனாங்களோ? வால்பாறை ரோட்டுல நாப்பது வளைவு. பாதியில நின்னுருச்சுன்னு வெய்யுங்க. ராத்திரி. மழை. கையில கெடச்ச வயர் கறுப்புத்தான்னா, கறுப்பைத்தான் போடோணும். நானும் போட்டிருக்கறன்."

"அப்ப தப்பே இல்லைங்கறீங்களா?"

"முறுக்குனது தப்பில்லீங்க. வெள்ளித்தாள் கூட ஒரு ராத்திரிக்குப் போட்டு ஊடு வந்து சேரலாம். வந்து சேர்ந்ததும் ஓனருகிட்டச் சொல்லோணுமல்லங்க? 'இந்த மாதிரி பண்ணியிருக்கறன், நாளைக்கு மாத்திருங்க'ன்னு. சொல்லலீன்னா, ஒரு ராத்திரிக்குப் போட்டது பத்து வருசத்துக்கு நின்னுக்குது."

நான் ஆடிப்போனேன் என்றெல்லாம் எழுத மாட்டேன். ஆனால் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. காலேஜில் இரண்டாம் வருஷம். டிரயல் பேலன்ஸ் போட்டால் பற்றும் வரவும் சமமாக வர வேண்டும். வராது. எனக்கு வந்ததே இல்லை. அதற்கு ஒரு வழி உண்டு. வித்தியாசத் தொகையை 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று ஒரு தலைப்பில் எழுதி, இப்போதைக்கு டேலி பண்ணிவிட்டு, பிழையைத் தேடிப் பிடித்து அதை அழிக்க வேண்டும். மாணவனாக இருந்தபோது இது ஒரு பித்தலாட்டம் என்று நினைத்தேன். இல்லை. அதுதான் கணக்குப் புத்தகத்தின் யோக்கியமான மூலை. 'இந்த இடத்தில் எனக்கு விளங்கவில்லை' என்று பெயர் போட்டு எழுதி வைக்கிறோம். பித்தலாட்டம் எது தெரியுமா? அந்த வித்தியாசத்தைச் சத்தமில்லாமல் 'இதரச் செலவு' என்று எழுதிவிட்டுப் போவது. கறுப்பு வயரில் கரண்ட் அனுப்புவது.

நான் அனுப்பியிருக்கிறேன்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது ஞாபகமிருக்கும். அதற்குச் சில வருஷம் முன்பு. நொய்யல் கரையில் ஒரு ஊர். சாயத் தண்ணீர் இறங்கிக் கிணறுகள் கெட்டுவிட்டன என்று செய்தி. நேரில் போகத்தான் கிளம்பினேன். போகவில்லை. சாயங்காலம் ஆகிவிட்டது, பக்கம் காத்திருந்தது. அந்த ஊர்க்காரர் ஒருவருக்குப் போன் போட்டேன். எத்தனை கிணறு கெட்டிருக்கும் என்று கேட்டேன். "அது இருக்குமுங்க, ஒரு முப்பது நாப்பது" என்றார். '40 கிணறுகள்' என்று எழுதினேன். 'சுமார்' என்ற சொல் தலைப்பில் இடம் பத்தவில்லை என்று போய்விட்டது. 'அந்தப் பகுதி விவசாயி ஒருவர் தொலைபேசியில் சொன்னது' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அது சஸ்பென்ஸ் அக்கவுன்ட். சேர்க்கவில்லை. நான் போய் எண்ணிப் பார்த்த மாதிரி இருந்தது செய்தி.

நல்ல செய்தி என்று பாராட்டினார்கள். கொஞ்ச நாளில் அந்த 40 வேறொரு பத்திரிகையில் வந்தது. அப்புறம் ஒரு மனுவில் பார்த்தேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பல வருஷம் கழித்து ஒரு ஆராய்ச்சி மாணவி வந்தார். ரொம்ப மரியாதையாகக் கேட்டார். "சார், எந்தெந்தக் கிணறுன்னு லிஸ்ட் வெச்சிருக்கீங்களா? எல்லா எடத்துலயும் நாப்பதுன்னுதான் இருக்கு. தேடிக்கிட்டே வந்தா உங்க செய்தியில வந்து நிக்குது."

அந்தப் பெண் டேஷ்போர்டைக் கழற்றிவிட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்ப எண்ணினோம்மா, குறிப்பெல்லாம் எங்கயோ போச்சு" என்றேன். வெள்ளித்தாள்.

அந்த ஊரில் கெட்ட கிணறு இருபதோ எழுபதோ, தெரியாது. கிணறுகள் கெட்டது மட்டும் நிஜம். ஆனால் எதிர்த் தரப்பில் யாராவது ஒருவர் எண்ணிப் பார்த்து 'நாற்பது இல்லை' என்று சொல்லியிருந்தால், பொய்யாகிப் போவது என் செய்தி மட்டுமா? தண்ணீர் இழந்தவன் வாயிலிருந்து வரும் மற்றதெல்லாம் கூடச் சேர்ந்து பொய்யாகும்.

சரி, கொட்டகைக்குத் திரும்புவோம். வேலை மூன்று மணி நேரம் நடந்தது. ஒன்பது ஜாயிண்டைப் பிரித்து, ஈயம் வைத்து, ஸ்லீவ் போட்டார். ஓட்டைக்கு ரப்பர் புஷ் மாட்டினார். பேட்டரிக்குப் பக்கத்திலேயே புது ஃப்யூஸ். அது எதற்கு அங்கே என்று கேட்டேன். ஃப்யூஸ் செட்டைக் காப்பாற்ற இல்லையாம், வயரைக் காப்பாற்ற. தூரத்தில் வைத்தால் நடுவில் உள்ள வயருக்குக் காவல் இல்லை. பாடியில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு எர்த்தை முடுக்கினார். சுரண்டாமல் முடுக்கினால் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கப் பாட்டுக்கு நடுவில் 'கொய்ங்ங்' என்று ஒரு சத்தம் ஏறிக்கொண்டே போகும். நீங்கள் எத்தனையோ வண்டியில் கேட்டிருப்பீர்கள். செட் மட்டம் என்று நினைத்திருப்பீர்கள்.

எவ்வளவு என்று கேட்டார் மாமா.

"தொள்ளாயிரம் குடுங்க ஐயா."

"தொள்ளாயிரமா! கோயமுத்தூர்ல முந்நூறுதானாமா. நீ உள்ள என்ன பண்ணுனீன்னு எனக்கு என்னப்பா தெரியும்? பாட்டு வருது. முந்நூறு குடுத்தாலும் இதே பாட்டுத்தான வரும்?"

சிரிக்காதீர்கள். மாமா கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை. ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர் 1970ல் இதைப் பற்றித்தான் ஒரு கட்டுரை எழுதினார். பழைய கார் சந்தையை உதாரணமாக எடுத்துக்கொண்டார். வாங்குகிறவனால் நல்லதையும் மட்டத்தையும் பிரித்தறிய முடியாது என்றால், அவன் நல்லதற்கு உரிய விலையைக் கொடுக்க மாட்டான். அந்த விலை கிடைக்காததால் நல்ல சரக்கு வைத்திருப்பவன் சந்தையை விட்டு விலகுவான். கடைசியில் மட்டம்தான் மிஞ்சும். மூன்று பத்திரிகைகள் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. 2001ல் அதற்காகவே நோபல் பரிசில் பங்கு கொடுத்தார்கள். (கட்டுரை திரும்பி வந்த எழுத்தாளர்கள் இந்தப் பாராவை வெட்டி வைத்துக்கொள்ளலாம்.)

முந்நூறு ரூபாய் ஆளும் தொள்ளாயிரம் ரூபாய் ஆளும் ஒரே பாட்டைத்தான் பாட வைக்கிறார்கள். மீதி அறுநூறு ரூபாய், மாமாவுக்கு என்றைக்குமே தெரியாத ஒன்றுக்கு. நடக்காமல் போன ஒரு தீ விபத்துக்கு எப்படி ரசீது போடுவது? மாமா கெட்டவர் அல்ல. தேங்காய் விலை எப்போது விழும் என்று தெரியாமல் காலம் தள்ளுகிற மனுஷன். எலெக்ட்ரீஷியன் இந்த வாதத்துக்குப் புதியவர் அல்ல என்பதும் அவர் முகத்தில் தெரிந்தது. ஒவ்வொரு நாளும் யாராவது ஒரு மாமா கேட்டிருப்பார். அதனால் அவர் வாதாடவில்லை. அறுந்த கறுப்பு வயரையும் வெள்ளித்தாள் சுற்றிய ஃப்யூஸையும் எடுத்து வந்து மாமாவின் உள்ளங்கையில் வைத்தார். மாமா கொஞ்ச நேரம் பார்த்தார். எழுநூற்றைம்பது கொடுத்தார். மீதி நூற்றைம்பதை மாமா பார்க்காதபோது நான் கொடுத்தேன்.

டேஷ்போர்டை மூடுவதற்கு முன் எலெக்ட்ரீஷியன் என்னைக் கூப்பிட்டார்.

"சார் பத்திரிகையில எழுதறவருங்களாமா? ஐயா சொன்னாரு. எனக்குக் கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும். இதைக் கொஞ்சம் எழுதிக் குடுங்க."

ஒரு அட்டைத்துண்டு. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'மஞ்சள்: பேட்டரி நேரடி, 10 ஆம்பியர் ஃப்யூஸ் பேட்டரி பக்கத்தில். சிவப்பு: சாவி. கறுப்பு: பாடி எர்த். ஊதா வயர் பத்தவில்லை, கடைசி ஒரு அடி மட்டும் பழைய பிரவுன் வயர் ஒட்டியிருக்கிறது. இடது டிம் லைட் சாக்கெட் கிடைக்கவில்லை, தற்காலிக ஜாயிண்ட், மாற்றவும்.'

"தற்காலிகம்னு போட்டா, இவன் வேலை தெரியாதவன்னு அடுத்த ஆள் நெனைக்க மாட்டானா?" என்று கேட்டேன்.

"நெனச்சாலும் மாத்துவான் இல்லீங்களா?"

"உங்க பேரு?"

"பேரெதுக்குங்க? தேதி போடுங்க."

அட்டையின் மேல் அகல செலோ டேப் ஒட்டி, டேஷ்போர்டின் உள்பக்கத்தில் பதித்து, நாலு ஸ்குரூவையும் முடுக்கினார். மாமா பென் டிரைவைச் செருகினார். முந்நூறில் முதல் பாட்டு வந்தது. பொள்ளாச்சி வரைக்கும் சத்தத்தைக் குறைக்கவே இல்லை.

அந்த மாணவிக்கு அப்புறம் ஒரு கடிதம் எழுதினேன், நாற்பது எங்கிருந்து வந்தது என்று. பழைய முகவரி. போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. பதில் வரவில்லை.

மாமா போன மாசம் பிக்கப்பை விற்றுவிட்டார். வாங்கினவர் உடுமலைப் பக்கம் காய்கறி ஏற்றுகிறவராம். டேஷ்போர்டுக்குள் ஒரு அட்டை இருப்பதை அவரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"அட, அதைச் சுத்தமா மறந்துட்டனே மாப்ளே" என்றார். "அந்த டிம் லைட்டுக்காரப் பேச்சா? அது இன்னும் மாத்தவே இல்ல."